பூஜ்யத்தை எப்போது நம்பலாம்?

டேட்டாபேஸ் வேலையில் என் நேரத்தின் பெரும்பகுதி, ஸ்டோர்டு புரொசீஜர்களை, அதாவது டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்து பெயர் சொல்லி அழைக்கும் நிரல்களை, கமாண்ட் லைனிலிருந்து ஓடவைப்பதில் போயிருக்கிறது. மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு, பழைய தரவை ஆவணத்துக்கு நகர்த்துவது, இரவு நேரத் தொகுப்பு அட்டவணைகள் என எல்லாமே இப்படித்தான் ஓடும். திரையில் பட்டனை அமுக்கி ஓடவிடும் கருவிகளில், பிழை வந்தால் படித்துப் பார்க்க ஒரு ஆள் எதிரே இருப்பார். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் ஷெட்யூலர், நள்ளிரவில் ஓடவிடும்போது அப்படி யாரும் இல்லை. அதற்குக் கிடைப்பது எக்ஸிட் கோடு என்ற ஒரே ஒரு எண். பூஜ்யம் வந்தால் வெற்றி, வேறு எது வந்தாலும் தோல்வி. அந்த எண் உண்மை பேசுகிறதா என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர் என்று நான் நினைக்கிறேன். புரொசீஜரை அழைப்பது அதற்கு அடுத்ததுதான்.

அழைப்பதில் பெரிய சிரமம் இல்லை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் மைனஸ் இ (-e) போட்டு 'கால்' கட்டளையைக் கொடுத்தால் போதும். எஸ்க்யூஎல் சர்வரின் கமாண்ட் லைன் கருவியான எஸ்க்யூஎல்சிஎம்டியில் பெரிய எழுத்து க்யூ (-Q) போட வேண்டும். சின்ன எழுத்தைப் போட்டால் வேலை முடிந்த பிறகும் வெளியேறாமல் காத்துக்கொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்துதான் புரொசீஜர் உண்டு. அதற்கு முன் ஃபங்ஷனை எழுதி செலக்ட் போட்டு ஓட்டுவோம்.

சரி, நடுவில் பிழை வந்தால்? ஆரக்கிளின் கமாண்ட் லைன் கருவியான எஸ்க்யூஎல் பிளஸ் பிழையை அச்சிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கடைசியில், முடிக்காமல் நிற்கும் மாற்றங்களைக் கமிட் செய்து, பூஜ்யத்தோடு வெளியேறும். அரைகுறை வேலை நிரந்தரமாகிவிடும், ஷெட்யூலரோ பச்சை காட்டும். அதனால்தான் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியாக 'வென்எவர் எஸ்க்யூஎல்எரர் எக்ஸிட் ஃபெயிலியர் ரோல்பேக்' (பிழை வந்தால் மாற்றங்களைத் திரும்பப் பெற்று, தோல்வி என்று சொல்லி வெளியேறு) இருந்தே ஆக வேண்டும் என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எஸ்க்யூஎல்சிஎம்டியில் பிழையில் நிற்க மைனஸ் பி (-b). போஸ்ட்கிரெஸின் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் 'ஆன் எரர் ஸ்டாப்' என்ற மாறியை வைத்தால், ஸ்கிரிப்ட் பிழையில் நின்று 3 என்ற எண்ணோடு வெளிவரும்.

'ஃபெயிலியர்' என்பதற்குப் பதிலாக ஆரக்கிளின் பிழை எண்ணையே எக்ஸிட் கோடாக அனுப்பும் ஸ்கிரிப்ட்களை நிறையப் பார்க்கலாம். காரணமும் சேர்ந்து தெரியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் யூனிக்ஸ், லினக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் எக்ஸிட் கோடு 255-ஐத் தாண்டாது; பிழை எண்ணை 256-ஆல் வகுத்த மீதிதான் வந்து சேரும். நம் புரொசீஜர்களில் நாமே எழுப்பும் பிழைகளுக்கு ஆரக்கிள் ஒதுக்கியிருப்பது -20000 முதல் -20999 வரை. அதில் 20480 என்பது சரியாக 256-இன் 80 மடங்கு. மீதி பூஜ்யம்! 20224, 20736 ஆகியவையும் அப்படித்தான். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், சரிபார்ப்பு புரொசீஜர் ஒன்று 20480-ஐ எழுப்பிக்கொண்டிருந்தது. லாக் கோப்பில் பிழை தெளிவாக இருந்தும், அடுத்த வேலை தடையில்லாமல் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு வெறும் 1 போதும். காரணத்தை லாக்கில் படித்துக்கொள்ளலாம்.

புரொசீஜர் ஓடாமலேயே பூஜ்யம் வருவதும் உண்டு. ஆரக்கிளில் பிகின், எண்ட் என்று எழுதிய பிளாக்குக்குக் கீழே தனி வரியில் '/' இல்லையென்றால், அந்த பிளாக் ஓடாமல் பஃபர் என்ற தற்காலிக நினைவில் அப்படியே கிடக்கும். உள்ளீடு முடிந்ததும் எஸ்க்யூஎல் பிளஸ் அமைதியாக வெளியேறிவிடும். இன்னொன்று, வெளியீட்டை, அதைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் டீ (tee) கட்டளைக்குக் குழாய் (|) வழியாக அனுப்புவது. அப்போது ஷெல் சொல்வது டீயின் நிலையைத்தான். பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் அமைப்பைப் போட்டால்தான் டேட்டாபேஸின் தோல்வி தெரியும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், புரொசீஜருக்குள்ளேயே எல்லாப் பிழைகளையும் பிடிக்கும் 'வென் அதர்ஸ்' போட்டுப் பிழையைப் பிடித்து, ஒரு செய்தியை மட்டும் அச்சிட்டுவிட்டு முடித்தால் வெளியே என்ன செய்தும் பயனில்லை. லாக் செய்த பிறகு, பிழையை மீண்டும் எழுப்பும் 'ரெய்ஸ்' என்ற ஒரு சொல் இருந்தால் போதும். அது இல்லாத புரொசீஜரை நான் ஷெட்யூலரில் சேர்ப்பதில்லை. இதில் கறாராக இருப்பதாக என்னைச் சொல்வார்கள், இருக்கட்டும்.

அப்புறம் பாஸ்வேர்ட். கமாண்ட் வரியிலேயே எழுதினால் ஷெல்லின் வரலாற்றில் தங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் பட்டியலிலும் பிறர் கண்ணில் படலாம். பாஸ்வேர்டைத் தனியே வைத்துக்கொள்ள ஆரக்கிளுக்கு வாலட், போஸ்ட்கிரெஸுக்கு பிஜிபாஸ் கோப்பு என்று வழிகள் இருக்கின்றன. பிஜிபாஸ் கோப்பின் அனுமதி லினக்ஸில் 0600-ஐவிட (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) தளர்வாக இருந்தால், பிஎஸ்க்யூஎல் அதை எடுத்துக்கொள்ளவே செய்யாது.

புதிய ஸ்கிரிப்ட் வந்தால், சோதனை டேட்டாபேஸில் முதலில் அதைத் தோற்கவைத்துப் பார்க்கிறேன். தவறான பாஸ்வேர்ட், இல்லாத புரொசீஜர் பெயர், பிழை எழுப்பும் அளவுரு என ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் எக்ஸிட் கோடை அச்சிட்டுப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் பூஜ்யம் அல்லாத எண் வந்த பிறகுதான் சரியான அளவுருக்களோடு ஓட்டுவேன்.