சாப்பாட்டைத் தொடாத பிள்ளையை எந்த டாக்டரிடம் கூட்டிப்போவது?

வீட்டில் ஒரு பெண் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தால் நம் ஊரில் முதலில் போவது வயிற்று டாக்டரிடம்தான். என் அக்கா மகளுக்கும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு லீவில் ஆரம்பித்தது. "பசிக்கல சித்தி, வயிறு கம்முனு இருக்கு" என்பாள். கேஸ் மாத்திரை, சிரப், ஸ்கேன், எண்டோஸ்கோபி, எல்லாம் நார்மல். மாதவிலக்கு நின்றபோது பிசிஓடி என்று இன்னொரு சுற்று. திருச்சி சித்திரை வெயிலில் ஃபேனை அணைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கையிலும் முதுகிலும் பூனைமுடி மாதிரி மெல்லிசாக ரோமம் முளைத்திருந்தது. குண்டாகிவிடுவேன் என்று அவள் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை, அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடைசியில் ஒரு குழந்தைகள் டாக்டர்தான் கண்டுபிடித்தார். படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நிற்கவைத்து ஒருமுறை நாடியும் பிபியும் பார்த்தார், ஈசிஜி எடுத்தார், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் பார்க்கச் சொன்னார். அப்புறம் அக்காவை உட்காரவைத்து, இது வயிற்று நோய் இல்லை, அனோரெக்சியா நெர்வோசா, சாப்பாட்டை ஒதுக்கவைக்கும் மனநோய் என்றார்.

இது இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த வியாதி என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். லண்டன் டாக்டர் வில்லியம் கல் இந்தப் பெயரை வைத்து எழுதியது 1874-ல். உடம்பு பருத்துவிடும் என்ற பயத்தைச் சொல்லாமலேயே இது வரும் என்பதை 1990களில் ஹாங்காங் மனநல மருத்துவர் சிங் லீ விரிவாக எழுதினார். அங்கேயும் பிள்ளைகள் "வயிறு உப்பியிருக்கு, பசியில்லை" என்றுதான் சொன்னார்கள். நம் நாட்டு மருத்துவர்களும் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எனவே "அவ ஒல்லியாகணும்னு ஆசைப்படல, அப்ப இது அது இல்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மனநோய்களிலேயே உயிரைப் பறிப்பதில் முன்வரிசையில் இருக்கும் நோய் இது.

விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாசம்தான், ஆனால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் மளமளவென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். அதனால்தான் ரொம்ப மெலிந்துபோன பிள்ளைகளை முதலில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, அடிக்கடி ரத்தம் பார்த்துச் சாப்பாட்டைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். பேச்சுவார்த்தை, கவுன்சிலிங் எல்லாம் அப்புறம். பட்டினி கிடக்கும் மூளையோடு பேசி ஜெயிக்க முடியாது.

அதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1944-45-ல் ஆன்சல் கீஸ் என்பவர், தாங்களாகவே முன்வந்த 36 திடகாத்திரமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் போல அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். மனநோய் எதுவும் இல்லாத அந்த ஆண்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், தட்டை முன்னால் வைத்து மணிக்கணக்கில் அளைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், யாரோடும் சேராமல் ஒதுங்கினார்கள். இதைப் படித்தபோது எங்கள் பிள்ளை எனக்குப் புரிந்தாள். ராத்திரி பூராவும் சமையல் வீடியோ பார்ப்பாள், வீட்டில் எல்லோருக்கும் கேக் செய்து ஊட்டுவாள், தான் மட்டும் ஒரு இட்லியை நூறு துண்டாக்கிச் சட்னிக்கு அடியில் மறைத்து வைப்பாள். திமிர் என்று அத்தான் நினைத்ததில் பாதிக்கு மேல் பட்டினி செய்த வேலை.

அவளுக்குக் கொடுத்தது குடும்பத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் 1980களில் உருவானது, வளரிளம் பருவத்து அனோரெக்சியாவுக்கு இன்றைக்கு முதலில் சொல்வது இதைத்தான். யார் குற்றம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. நோய் வேறு, பிள்ளை வேறு. எடை தேறும்வரை என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதை அப்பா அம்மா தீர்மானிக்கிறார்கள், தேறியபின் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையில் திருப்பிக் கொடுக்கிறார்கள், கடைசியில்தான் படிப்பு, சிநேகிதம் மாதிரி அந்த வயதுக்கான மற்ற விஷயங்கள். இரண்டாவது முறை வரும்போது வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு எல்லோரும் வாங்க என்று அந்த சைக்காலஜிஸ்ட் அம்மா சொல்லியிருந்தார். நானும் போனேன். அக்கா மகளுக்கென்று கட்டிய டப்பாவில் கொஞ்சூண்டு தயிர்சாதம், அவள் அழாமல் சாப்பிடுகிற அளவு. "இந்த வயசுப் பிள்ளைக்கு இது போதும்னு நினைக்கிறீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். அக்கா தன் டப்பாவிலிருந்து அள்ளி வைத்தாள். பிள்ளை கத்தினாள், டப்பாவைத் தள்ளினாள், அக்கா எழுந்திருக்கவில்லை, அத்தான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இன்னும் ஒரு வாய்டா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அந்த ஒரு வாய் உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆனது. வீட்டில் மாதக்கணக்கில் இதேதான். அக்கா சம்பளமில்லாத லீவு எடுத்தாள், அத்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பார். லேசான வைத்தியம் என்று நான் சொல்லமாட்டேன்.

எல்லோருக்கும் இதே வைத்தியம் இல்லை, ஏனென்றால் சாப்பாட்டு நோய்களும் பலவிதம். கட்டுப்பாடில்லாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, பயத்தில் அதை எப்படியாவது வெளியேற்றுவது புலிமியா. லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் 1979-ல் தனியாக அடையாளம் காட்டினார். இவர்களுக்கு எடை பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும், அதனால் வருஷக்கணக்கில் வீட்டுக்கே தெரியாது, சிலசமயம் எனாமல் கரைந்த பல்லைப் பார்த்துப் பல் டாக்டர்தான் முதலில் கேட்பார். பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறுவதுதான் இதில் பெரிய ஆபத்து. அதிகமாகச் சாப்பிட்டு, வெளியேற்றாமல், குற்ற உணர்வில் ஒளிந்து வாழ்வது இன்னொன்று, இவற்றிலேயே அதிகம் பேருக்கு இருப்பது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013-ல்தான் தனி நோயாக இடம்பெற்றது. இவர்களிடம் போய் "டயட் இரு" என்பது எனக்குக் கோபம் வரவைக்கும் பேச்சு. பட்டினி கிடந்தால் அடுத்த முறை இன்னும் அதிகமாகத்தான் சாப்பிடுவார்கள். இந்த இரண்டுக்கும் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை, நன்றாக வேலை செய்கிறது, சுமார் 20 அமர்வுகள், முதல் வேலையே நேரத்துக்குச் சாப்பிடுவது. புலிமியாவுக்கு ஃப்ளுவாக்ஸெட்டின் மாத்திரையும் உதவும், டிப்ரெஷனுக்கு வழக்கமாகத் தருவதைவிடக் கூடுதல் டோஸ் என்பதால் டாக்டர் பார்த்துத்தான். இன்னும் சில பிள்ளைகள் விக்கிவிடும் என்ற பயத்திலோ, வாயில் படும் பதம் பிடிக்காமலோ உணவை ஒதுக்குவார்கள், எடை கவலையே இருக்காது. அதுவும் சிகிச்சை வேண்டிய நோய்தான். இந்த நோய்களெல்லாம் பையன்களுக்கும் வரும், ஜிம் மோகம் என்று விட்டுவிடுகிறோம்.

சரி, தலைப்பில் கேட்டதற்கு வருகிறேன். முதலில் பொது டாக்டர் அல்லது குழந்தைகள் டாக்டர். "சாப்பிடமாட்டேங்கிறா" என்று மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு நாளாக, எடை எவ்வளவு இறங்கியது, மாதவிலக்கு நின்றதா, சாப்பிட்டதும் பாத்ரூமில் வெகுநேரம் இருக்கிறாளா என்று எழுதிக்கொண்டு போங்கள், ஈசிஜியும் ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் மாதிரி உப்புச்சத்துப் பரிசோதனையும் கேளுங்கள். அங்கிருந்து மனநல மருத்துவர், சைக்காலஜிஸ்ட், டயட்டீஷியன் மூவரும் சேர்ந்து பார்க்கும் இடம். 2017 மனநலச் சட்டப்படி காப்பீட்டு நிறுவனங்கள் மனநோய்க்கும் உடல்நோய்க்குப் போலவே காப்பீடு தரவேண்டும், மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எங்கே போவதென்று தெரியவில்லையென்றால் 14416, அரசாங்கத்தின் டெலிமனஸ் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தண்ணீரும் குடிக்க மறுத்தாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராகக் கேஷுவாலிட்டிக்குப் போய்விடுங்கள்.