180 ரூபாய் இச்சிச் செடி: போன்சாய் முயற்சியில் பதினொரு மாதங்கள்

2023 பிப்ரவரி நடுவில், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வரிசையாக இருக்கும் நர்சரிகளில் ஒன்றில் போன்சாயாக, அதாவது தொட்டியில் அடங்கும் குட்டி மரமாக வளர்க்க, 180 ரூபாய் கொடுத்து ஒரு பைக்கஸ் செடி வாங்கினேன். நர்சரிக்காரர்கள் பைக்கஸ் என்ற ஒரே பெயரில் நான்கைந்து வகைகளை விற்பார்கள். நான் எடுத்தது பைக்கஸ் மைக்ரோகார்ப்பா, தமிழில் கல்லிச்சி என்பது. ஆல், அரசு, அத்தி எல்லாம் இதன் பங்காளிகள். போன்சாய்ப் படங்களில் அதிகம் காணப்படும் ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தில் தொடங்கி இரண்டு செடிகளை நான் முன்பே இழந்திருந்தேன். குளிர்காலத்தில் ஓய்வெடுத்துப் பழகிய அந்த இனத்துக்கு நம் ஊரின் புழுக்கமான இரவுகள் ஒத்துவருவதில்லை. போதாக்குறைக்கு, அது செத்த பிறகும் பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும், நாமும் பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். இச்சி அப்படி ஏமாற்றுவதில்லை. வெயில் தாங்கும், வேரை வெட்டினால் பொறுக்கும், கிளையை நறுக்கினால் கீழிருந்து துளிர்க்கும்.

நர்சரியில் நேராக, குடை பிடித்ததுபோல் நின்ற செடிகளை விட்டுவிட்டு, பின்வரிசையில் வேலியோரம் சாய்ந்து கிடந்த ஒன்றை இழுத்தபோது, அங்கே இருந்த அம்மா, “அது கோணல் சார், போணியாகாம ஒதுக்கி வெச்சது. நேரா இருக்கறதா எடுத்துக்குங்க” என்றார். கோணல்தான் வேண்டும் என்றதும் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, 200 சொன்னவர் இருபது ரூபாயைக் குறைத்துக்கொண்டார். செடி 62 செ.மீ. உயரம் இருந்தது, அடித்தண்டின் பருமன் 3 செ.மீ. ஒரு சாண் உயரத்தில் தண்டு இடப்புறம் ஒடிந்து வளைந்து, மீண்டும் நடுவுக்குத் திரும்பியிருந்தது. அந்த ஒரு வளைவுக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். மூன்று சென்டிமீட்டர்ப் பருமனான இச்சித் தண்டைக் கம்பி சுற்றி வளைப்பது எளிதான காரியம் அன்று. செடியே தானாக வளைந்திருந்தால் அது பல ஆண்டு உழைப்பு மிச்சம்.

அங்கேயே, விரலால் மேல்மண்ணைக் கிளறித் தண்டின் அடியில் வேர் எப்படிப் பிரிகிறது என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பையிலிருந்த மண் காய்ந்த களிமண் உருண்டையாக இறுகிக் கிடந்ததும், வெயில் ஏறிக்கொண்டிருந்ததும் காரணங்கள். ஆனால் கிளைகளைப் பார்த்த மயக்கத்தில் வேரை மறந்தேன் என்பதே உண்மை.

மூன்று வாரங்கள் மொட்டை மாடியில் அரைநிழலில் வைத்து, செடி புது இடத்துக்குப் பழகியதும், மார்ச் 12 ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினேன். தண்டின் வளைவு எந்தப் பக்கத்திலிருந்து அழகாகத் தெரிகிறதோ அதையே மரத்தின் முகப்பு என்று முடிவு செய்து, பையின் விளிம்பில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். பிறகு உயரத்தை 62-லிருந்து 30 செ.மீ.க்குக் குறைத்தேன். வெட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே இருந்த மெல்லிய கிளை ஒன்று இனித் தலைக்கிளை. வெட்டிய உடனே பால் வழியத் தொடங்கியது. கையில் பட்டால் பிசுபிசுப்பாகி அழுக்கைச் சேர்க்கும், சட்டையில் பட்டால் போகாது. ஈரத் துணியை ஒரு நிமிடம் ஒற்றி அழுத்தினால் நின்றுவிடுகிறது. ஏழு கிளைகளில் மூன்றை அடியோடு எடுத்துவிட்டு நான்கை வைத்துக்கொண்டேன். அவற்றின் நுனியை மட்டும் தொடவில்லை. இலையே இல்லாதபடி மொட்டையடித்த இச்சிக் கிளை சில நேரம் அடிவரை காய்ந்து போகும் என்பதை முன்பு ஒரு ஆலங்கன்றில் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன்.

கம்பியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆலங்கன்றுக்கு, கட்டட வேலையில் முறுக்குக் கம்பிகளைப் பிணைக்கும் கட்டுக்கம்பியைப் பயன்படுத்தினேன். அது மெல்லியதாக இருப்பதால் பட்டையை அறுக்கும், மழையில் துருப்பிடிக்கும், வளைத்த வடிவத்தில் நிற்பதும் இல்லை. இம்முறை போன்சாய்க்கென்றே விற்கும் அலுமினியக் கம்பியை 1.5, 2.5, 3 மில்லிமீட்டர்ப் பருமன்களில் வாங்கினேன். செடியின் விலையைப்போல் இரண்டு மடங்கு ஆயிற்று. கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கம்பிக்கு இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என் கீழ்க்கிளை 7 மி.மீ. இருந்ததால் 2.5 சரியாக இருந்தது. நீளம், கிளையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு வெட்டிக்கொண்டால் குறையாது.

ஒரே கம்பியால் இரண்டு கிளைகளைப் பிணைப்பதுதான் முறை. கம்பியின் நடுப்பகுதி தண்டில் ஒரு சுற்றாவது சுற்றிப் பிடிமானம் கொள்ள, அதன் ஒரு முனை இந்தக் கிளைக்கும் மறுமுனை அந்தக் கிளைக்கும் போகும். தனிக்கம்பியைக் கிளையின் அடியில் தொடங்கினால், வளைக்கும்போது கம்பி சுழன்றுவிடும், கிளை அசையாது. இடது கைக் கட்டைவிரலால் முதல் சுற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கம்பியைக் கிளையோடு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இழுத்துச் சுற்றக்கூடாது, படியவிட வேண்டும். இலைக்காம்பைச் சேர்த்து நசுக்காமல் ஒவ்வொரு காம்புக்கும் வழிவிட்டுச் செல்வதில்தான் நேரம் போகிறது. நான்கு கிளைகளுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பியின் ஒரு சுற்று இருந்தாக வேண்டும், ஏனெனில் பட்டை கிழிவது அந்தப் பக்கத்தில்தான். இரண்டாவது கிளையில் நான் இதைக் கவனிக்காததால், ஈர விறகு பிளக்கும் சத்தம் மெல்லக் கேட்டது. வெளிப்புறத்தில் ஒரு கோடு வாய் பிளந்து பால் துளிர்த்தது. அப்படியே நிறுத்தி, வளைவைச் சற்றுத் தளர்த்தி, ஈரத் தேங்காய் நாரால் கட்டிவைத்தேன். பிழைத்துவிட்டது.

காப்பியோடு மாடிக்கு வந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏண்டா, பச்சைப் பிள்ளைக்குக் கை கால் ஒடிஞ்சா மாதிரி கட்டு போட்டு வெச்சிருக்க?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். பார்க்க அப்படித்தான் இருந்தது.

கம்பி சுற்றிய அன்று இருக்கும் நிறைவு நம்பத்தக்கதன்று. சென்னை வெயிலில் மார்ச்சும் ஏப்ரலும் இச்சிக்கு வேகமாகப் பருக்கும் காலம். ஏப்ரல் 16 அன்று, ஐந்தே வாரத்தில், இடப்பக்கக் கீழ்க்கிளையில் தண்டை ஒட்டிய இரண்டு சுற்றுகள் பட்டைக்குள் இறங்கியிருந்தன. இறுகிப்போன மோதிரத்துக்கு இருபுறமும் விரல் பிதுங்குவதுபோல் பட்டை உப்பியிருந்தது. கம்பியை வீணாக்க மனமில்லாமல் ஒரு கிளையில் சுற்றுகளைப் பின்னோக்கிப் பிரித்தெடுத்தேன். இரண்டு துளிர்களும் ஒரு கணுவும் அதோடு போயின. மீதிக் கம்பிகளை எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சிறிய நிப்பரால் சுற்றுக்கு ஒரு துண்டாக வெட்டி எடுத்தேன். இப்போது வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை, கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே நகம் நுழைகிறதா என்று தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

கத்திரி வெயில் முடியும்வரை செடியைச் சும்மா விட்டேன். வேர் வேலையை ஜூலை 9 அன்று செய்தேன். முழுக் கதையும் தடம் மாறியது அன்றுதான்.

இந்தப் பக்கத்து நர்சரிச் செடிகளில் பல, ஆந்திராவில் கிழக்குக் கோதாவரி மாவட்டத்திலுள்ள கடியத்திலிருந்து லாரியில் வருபவை. அந்த வட்டாரத்துக் களிமண் பயணத்தில் உதிராமல் வேரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் வியாபாரிக்கு நல்லது, போன்சாய் செய்பவனுக்குத் தலைவலி. உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் வேரோட்டத்தின் போக்கிலேயே சிறிது சிறிதாகக் கரைத்தேன். மேல்மண் 4 செ.மீ. இறங்கியதும், நான் இதுவரை தண்டின் அடி என்று நினைத்திருந்தது அடியே அன்று எனத் தெரிந்தது. உண்மையான அடி அதற்குக் கீழே, தண்டைவிட ஒன்றரை மடங்கு அகன்று இருந்தது. மூன்று தடித்த வேர்கள் கோழிக்காலைப்போல் விரிந்து மண்ணைப் பற்றியிருந்தன. ஜப்பானியர்கள் இதை நெபாரி என்பார்கள். ஒரு மரம் வயதானதாகத் தெரிவதற்குக் கிளையைவிட இதுதான் முதன்மையானது என்று படித்திருந்தேன். சிக்கல் என்னவென்றால், இந்த விரிப்பு அழகாகத் தெரிந்தது நான் சாக்பீஸ் கோடு போட்ட பக்கத்திலிருந்து அன்று. அங்கிருந்து பார்த்தால் ஒரு வேர் இன்னொன்றின்மேல் குறுக்கே ஏறி, முடிச்சாகத் தெரிந்தது. செடியைக் கால்வட்டம் திருப்பினால் வேர்கள் மூன்றும் பிரிந்து தெரிந்தன. தண்டின் வளைவும் சற்றே மட்டுப்பட்டாலும் கெடவில்லை. ஆனால் மார்ச்சில் இரண்டரை மணி நேரத்தில் பெரும்பங்கைச் செலவிட்டு இடப்பக்கம் விரித்துவைத்த அந்தக் கீழ்க்கிளை, புது முகப்பிலிருந்து பார்ப்பவரின் கண்ணைக் குத்துவதுபோல் நேராக முன்னே நீட்டிக்கொண்டு நின்றது.

வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கிளை மறுபடி வளரும், வேர் அமைப்பு அப்படி வளராது. வெட்டினேன். முதலில் வேரைத் திறந்து பார்த்திருந்தால் அந்தக் கிளைக்குக் கம்பியே சுற்றியிருக்கமாட்டேன்.

குறுக்கே ஏறிய வேரையும், அடியில் ஆணிவேர்போல் இறங்கியதையும் நீக்கி, வேர்த்தொகுதியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கழித்தேன். தொட்டி, அரிசி களையும் பிளாஸ்டிக் கூடை, 45 ரூபாய். சுற்றிலும் ஓட்டை இருப்பதால் வேர் நுனி காற்றுப் பட்டுக் கருகி, உள்ளே புதிய சல்லி வேர்களை விடுகிறது; பீங்கான் தட்டுக்குப் போகும்முன் இரண்டு ஆண்டுகளாவது இதில் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். மண் என்று சொல்வதற்கு அதில் அதிகம் இல்லை: உடைத்துச் சலித்த செங்கல் துண்டு பாதி, மாவு போகக் கழுவிய எம்-சாண்ட் கால், மண்புழு உரம் கால். செங்கல்லை உடைக்கும் சத்தத்துக்குக் கீழ்வீட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. செடி ஆடாதிருக்க, கூடையின் ஓட்டைகள் வழியே கம்பி விட்டு வேரோடு சேர்த்துக் கட்டினேன். ஆடும் செடியில் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும்.

பதினெட்டாம் நாள் துளிர் தெரிந்தது.

இரண்டாம் முறை கம்பி சுற்றியது செப்டம்பர் 17 அன்று. முன்பு பின்கிளையாக இருந்தது இப்போது இடப்பக்கத்துக் கீழ்க்கிளை. அது பத்து மி.மீ. பருமனாகிவிட்டதால் சுற்றுக் கம்பிக்கு அடங்கவில்லை. சைக்கிள் டியூபில் ஒரு விரற்கடைத் துண்டு வெட்டிக் கிளைமேல் மெத்தையாக வைத்து, அதன்மேல் கம்பியை வளையமாகப் போட்டு, மறுமுனையைக் கூடை விளிம்பில் கட்டி, வாரத்துக்கு ஒரு முறுக்கு என்று கீழே இறக்கினேன். ஐந்து வாரத்தில் கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. மெல்லிய கிளைகளில் சுற்றிய கம்பிகளை அக்டோபர் இறுதியில் வெட்டி எடுத்தபோது இரண்டு கிளைகள் பாதி தூரம் திரும்பி எழுந்துவிட்டன. அவற்றுக்குப் பழைய தடத்தில் படாதபடி மறுபடியும் சுற்றினேன்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பயந்து கூடையை மாடிப்படித் தலைப்பில் இருட்டில் நான்கு நாள் வைத்ததற்கு, செடி மூன்றில் ஒரு பங்கு இலைகளை மஞ்சளாக்கி உதிர்த்தது. இச்சிக்கு வெளிச்சம் திடீரென மாறினால் ஆகாது. மழையிலேயே தரையில் விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது; இந்தக் கலவையில் தண்ணீர் நிற்பதே இல்லை.

இப்போது, 2024 ஜனவரியில், மரம் கூடையில் நிலைத்து நிற்கிறது. உதிர்ந்த இடங்களில் துளிர் வந்திருக்கிறது. புது இலைகள் நர்சரியில் இருந்தவற்றைவிடக் கொஞ்சம் சிறியவை. ஜூலையில் வெட்டிய கீழ்க்கிளையின் தழும்பு முகப்பின் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறியதாகத் தெரிகிறது, விளிம்பிலிருந்து பட்டை உருண்டு உள்ளே மூடிக்கொண்டு வருகிறது. தலைக்கிளையின் கம்பியில், மேலிருந்து மூன்றாவது சுற்றில், இன்று காலை நகம் நுழையவில்லை. மதியம் நிப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும்.