தலையில் கட்டிய துண்டு

கன்னியாகுமரி பக்கத்துச் சாமித்தோப்பில் சட்டையைக் கழற்றச் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திருச்செந்தூரில் பழகியதுதான். வேட்டியை இறுக்கிக்கொண்டு பதிக்குள் (அய்யாவழிக்காரர்கள் கோயிலை அப்படித்தான் சொல்வார்கள்) நுழையப் போனவனை வாசலில் இருந்த ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, தலையக் கெட்டிட்டுப் போங்க."

எந்தக் கோயிலிலும் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சாமி முன்னால் போனால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும் என்றுதான் தாத்தா காலத்திலிருந்து கேள்வி. இங்கே அது தலைக்கு ஏற வேண்டுமாம். என்னிடம் துண்டே இல்லை. பெரியவர் தன் தோளிலிருந்ததை உருவிக் கொடுத்தார். சரி, கட்டுவதுதானே என்று சுற்றினேன். முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்பக்கம் அவிழ்ந்தது. இரண்டாவது தடவையும் அதே கதி. அவரே ஒரு நுனியைப் பல்லில் கடித்துப் பிடித்து, மறு நுனியை முறுக்கி, காதுக்கு மேலே செருகிவிட்டார். "இப்ப விழாது."

சாதிக் கொடுமையை எதிர்த்து அய்யாவழியை உண்டாக்கிய அய்யா வைகுண்டரின் ஊர் இது. 1809-இல் பிறந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். இவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு முடியா என்று மேல்சாதிக்காரர்கள் எதிர்க்க, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டி வந்தது. அன்றைய திருவிதாங்கூரில் இவர்களைப் போன்ற ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் பனைக்கும் வரி, தலைக்கும் வரி. தலைக்கு வரி கட்டியாக வேண்டும், தலையில் துணி மட்டும் கட்டக் கூடாது. இவர்கள் பெண்கள் தோளில் சீலை போட்டால் அடி விழும். அந்த உரிமைக்கான அரசாணை 1859-இல்தான் வந்தது. அதற்குள் வைகுண்டர் மறைந்து 8 வருடம் ஆகிவிட்டது.

ஆக, பெரியவர் செருகிவிட்ட முடிச்சு சும்மா ஒரு கோயில் கட்டுப்பாடு இல்லை. யாருக்கு முடி கூடாது என்றார்களோ அவர்களை முடி கட்டாமல் உள்ளே வராதே என்று சொன்ன ஆள், கிட்டத்தட்ட 190 வருடம் கழித்து என் காதுக்கு மேலேயும் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டார்.

உள்ளே சிலை கிடையாது. விளக்கு, அதற்குப் பின்னால் ஒரு கண்ணாடி. கும்பிடப் போனால் தெரிவது நம் முகம்தான். இது எனக்கு முன்பே தெரியும், படித்திருக்கிறேன். ஆனாலும் அங்கே நின்றபோது தத்துவம் ஒன்றும் வரவில்லை. துண்டு கோணலாக இருக்கிறதே என்றுதான் முதலில் பட்டது. கை தானாக மேலே போனது. பக்கத்தில் நின்ற பையனும் தன் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். நெற்றியில் நாமம் இட்டுவிட்டார்கள், மேல்நோக்கிப் போகும் சுடர் மாதிரி.

அப்புறம் முத்திரிக்கிணறு. பதியிலிருந்து கொஞ்ச தூரம். எந்தச் சாதிக்காரரும் ஒரே கிணற்றில் இறைத்துக் குடிக்கவும் குளிக்கவும் வைகுண்டர் ஏற்படுத்தியது. குடம் படக் கூடாது, நிழல் படக் கூடாது என்று கிணறுகள் பிரிந்து கிடந்த காலம். இன்றைக்குப் பார்த்தால் சாதாரணக் கிணறு. குளித்து முடித்த ஒரு குடும்பம் ஈரத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு கை குடித்தேன். லேசான கரிப்பு. திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அவரை 110 நாள் அடைத்து வைத்தார்கள் என்பார்கள். ஒரு கிணறும் ஒரு தலைத்துணியும் ஒரு அரசாங்கத்தை அவ்வளவு தூரம் பயமுறுத்தியிருக்கின்றன.

கன்னியாகுமரிக்கு வருகிற வேன்கள் இங்கே பெரும்பாலும் திரும்புவதில்லை. சூரிய உதயம், படகு, சங்கு மாலை, கிளம்பு. எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு.

மதியம் நாகர்கோவில் வந்து, குளச்சல் பக்கம் போகும் பஸ் பிடித்து மண்டைக்காட்டில் இறங்கினேன். மாசிக் கொடை நேரம். இருமுடி கட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாக. பகவதி அம்மன் இங்கே பெரிய புற்றாக இருக்கிறாள். கோயிலைத் தாண்டி நடந்தால் கடல், கடலோரம் மீனவர் வீடுகள், மாதா கோயில்.

1982-இல் இதே கொடையின்போது இந்து-கிறிஸ்தவ மோதலில் இந்த இடம் பற்றி எரிந்தது. மார்ச் 1 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 6 பேர் இறந்தார்கள். பிறகு அது மாவட்டம் முழுக்கப் பரவியது. அந்த நேரத்தில் இங்கே வந்தவர் குன்றக்குடி அடிகளார். காவி கட்டி உருத்திராட்சம் போட்ட சைவ மடாதிபதி. தன் ஆட்கள் என்று ஒரு பக்கம் நின்றிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் இரண்டு தரப்பையும் போய்ப் பார்த்துப் பேசினார். மும்மதத்தாரும் சேர்ந்து உட்காரத் திருவருட்பேரவை என்ற அமைப்பிலும் முன்னின்றார். கடவுள் இல்லை என்ற பெரியாரிடமே நட்பு வைத்திருந்தவருக்கு இது பெரிதில்லை போலும்.

அவர் நினைவாக இங்கே ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அப்ப நான் சின்னப் பய. ராத்திரி வெளக்கு அணைச்சிட்டு இருந்தது ஓர்மை இருக்கு," என்றார். கொஞ்சம் யோசித்து, "சாமியாரு வந்தாருன்னு அப்பா சொல்லுவாரு," என்று சேர்த்துக்கொண்டு, அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.

பணம் கொடுக்கக் குனிந்தபோதுதான் தோளில் இருந்து துண்டு நழுவியது. சாமித்தோப்புப் பெரியவருடையது. திருப்பிக் கொடுக்கவே இல்லை!

இருட்டியதும் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். நெரிசல். என் முன் இருக்கையில் தலை ஈரம் காயாத ஒரு பக்தை. ஏதோ ஒரு நிறுத்தத்தில் மீன்கார அம்மா ஒருவர் கடவத்தோடு ஏறி அவள் காலருகே வைத்தார். "தள்ளி வையுங்க அக்கா, நாத்தம் அடிக்கி." "நாத்தமா? அந்தாலத் திரும்பி இரி, நாங்க எங்க கொண்டு வைக்க?" கண்டக்டர் இரண்டு பேரையும் அதட்டினார். கொஞ்ச நேரம் இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நாகர்கோவில் நெருங்கும்போது பக்தையின் குரல் தாழ்வாகக் கேட்டது.

"ஏ அக்கா, சாளை என்ன வெலைக்குப் போவுது? எனக்கு விரதம் இன்னையோட முடிஞ்சு."