சென்டர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்

ஷக்கில் ஓ'நீல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் சென்டராக, அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆளாக, ஆடிய காலம் முழுவதிலும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) வெளியிலிருந்து எறிந்தது 22 முறை, அதில் விழுந்தது ஒன்றே ஒன்று. அதற்காக யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு கூடைக்குக் கீழே பந்தை வாங்கித் திரும்பினால் இரண்டு பேர் தொங்கினாலும் உள்ளே போட்டுவிடுவார், அப்புறம் எதற்கு வெளியே போக வேண்டும்?

இன்றைக்கு அதே உயரத்தில் ஒரு பையன் வந்தால் பயிற்றுநர் முதலில் கேட்பது வெளியிலிருந்து எறியும் அவனுடைய ஷாட்டைத்தான். இதைப் பார்த்துவிட்டு "சென்டரே ஒழிந்துவிட்டார், எல்லாரும் வெளியே நின்று எறிகிறார்கள்" என்று புலம்புகிறவர்கள் இங்கே சிங்கப்பூரிலும் உண்டு. அமெரிக்காவில் இரவு நடக்கும் ஆட்டம் நமக்குக் காலை எட்டு, ஒன்பது மணிக்கு வருவதால் எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் பாதி, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஹைலைட்ஸ் பாதி என்று பார்க்கிற கூட்டம் நாங்கள். ஹைலைட்ஸில் பந்து விழுவது மட்டும்தான் தெரியும் என்பதால் அந்தப் புலம்பலில் எனக்கு ஆச்சரியமில்லை. என்னைக் கேட்டால் சென்டர் ஒழியவில்லை, வேலைதான் இரட்டிப்பாகிவிட்டது.

கணக்கு எளிது. கூடைக்கு முதுகைக் காட்டி இடித்து இடித்து உள்ளே போய் நூறு முறை எறிந்து 45 விழுந்தால் 90 புள்ளி. வெளியிலிருந்து நூறு எறிந்து 35 மட்டும் விழுந்தாலும் 105. கோடு வந்தது 1979-80இல், ஆனால் அப்போது ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று தடவைகூட அங்கிருந்து எறியவில்லை. 2024-25இல் அது சராசரி 37ஐத் தாண்டிவிட்டது.

புரூக் லோபஸ்தான் இதற்கு நல்ல சாட்சி. ஏழடி ஆள், பழைய பாணி சென்டர், முதல் எட்டு சீசனில் மொத்தமே மூன்று மூன்று-புள்ளிதான் போட்டார். ஒன்பதாவது சீசனில், 2016-17இல், 134! அப்புறம் மில்வாக்கி அணிக்குப் போய் கோட்டிலிருந்தும் இன்னும் சில அடி தள்ளி நின்றார். அவர் போட்ட புள்ளியைவிட அவர் நின்ற இடம்தான் முக்கியம். அவரைக் காக்கும் எதிரணி சென்டர் கூடவே வெளியே வந்தாக வேண்டும், வந்தால் கூடைக்கு முன்னால் காவல் இல்லை, அதே அணியின் நட்சத்திரம் யான்னிஸ் மூன்றே எட்டில் உள்ளே போய் பந்தைக் கூடைக்குள் திணித்து டங்க் அடித்துவிடுவார். 2019இல் யான்னிஸ் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) ஆனதில் லோபஸுக்கும் பங்கு உண்டு என்றே சொல்வேன்.

எறியக் கற்றுக்கொள்வதுகூடப் பரவாயில்லை. தடுப்பதுதான் கொடுமை. 2021 பிளேஆஃப்ஸில் (சீசன் முடிவில் பட்டத்துக்கான சுற்றுகள்) யூட்டா அணியும் கிளிப்பர்ஸ் அணியும் ஆடிய ஆறாவது ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். யூட்டாவின் சென்டர் ரூடி கோபேர் அதற்குள் மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். கிளிப்பர்ஸ் என்ன செய்தது? உயரமான சென்டரே இல்லாமல் ஐந்து பேரையும் வெளியே பரப்பி நிறுத்தியது. பந்து வைத்திருப்பவர் தன்னைக் காக்கும் ஆளைத் தாண்டி உள்ளே வருகிறார், கோபேர் கூடையைக் காக்க ஓர் எட்டு வைக்கிறார், உடனே பந்து மூலையில் நிற்கும் கிளிப்பர்ஸின் டெரன்ஸ் மானிடம் போகிறது. கோபேர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் பந்து கையைவிட்டுப் போய்விட்டது. இப்படியே திரும்பத் திரும்ப. 25 புள்ளி முன்னால் இருந்த யூட்டா தோற்றது, மான் அன்றைக்கு மட்டும் 39 புள்ளி. மறுநாள் இணையமெல்லாம் கோபேரைத்தான் திட்டியது, எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முன்னால் நின்றவர்கள் ஆளைத் தாண்ட விட்டுவிட்டு, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஒரே மனிதனை நிறுத்தினால் அவர் என்ன செய்வார்?

டென்வர் அணியின் சென்டர் நிகோலா யோக்கிச்சை இந்தப் பேச்சில் விட முடியாது. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2014 டிராஃப்டில் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், மூன்று எம்விபி, 2024-25இல் சீசன் முழுக்க டிரிபிள்-டபுள் சராசரி, அதாவது புள்ளி, ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (பந்து கொடுத்துக் கூடை போட வைப்பது) மூன்றிலும் ஆட்டத்துக்குப் பத்துக்குக் குறையாமல். அவருடைய மூன்று-புள்ளி ஷாட் பாதி மிரட்டல்தான். எறிந்துவிடுவாரோ என்று சென்டர் நெருங்கி வருவார், பின்னால் ஒருவன் கூடையை நோக்கி வெட்டி ஓடுவான், பந்து அவன் கையில் இருக்கும். அழகு!

ஆனால் எறியத் தெரியாத சென்டருக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஷாட் கூடக் கூடத் தவறுவதும் கூடுகிறது, தவறிய பந்தை எடுக்க ஆள் வேண்டுமே. ஹியூஸ்டன் அணியில் சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸ் வெளியிலிருந்து எறிவதே இல்லை, தோளால் இடம் பிடித்து ரீபவுண்ட் எடுத்துக் கொடுத்தே அணிக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கித் தருகிறார். 2025இல் பட்டம் வென்ற ஒக்லஹோமா சிட்டியும் வெளியே எறியும் சென்டர் ஹோம்கிரனுக்குப் பக்கத்தில் எறியாத இன்னொரு சென்டர் ஹார்ட்டன்ஸ்டைனைப் பல ஆட்டங்களில் சேர்த்தே இறக்கியது.

நம் அடுக்குமாடி புளோக் கீழே ஆடுவது பெரும்பாலும் அரைக்களம், மூன்றுக்கு மூன்று. ஒலிம்பிக்கில் ஆடும் 3x3 விதிப்படி உள்ளே போட்டால் ஒன்று, கோட்டுக்கு வெளியே போட்டால் இரண்டு. அதாவது என்பிஏவில் ஒன்றரை மடங்கு, இங்கே நேராக இரு மடங்கு! எங்கள் குழுவில் உயரமானவன் ஒரு தம்பி, ஆறடிக்குக் கொஞ்சம் மேல். உள்ளேயே நிற்கச் சொன்னால் "ஏன்ணே, நான் உள்ளே நின்னா நான் காக்கிற ஆளு வெளியே நின்னு ரெண்டு ரெண்டா போட்டுட்டுப் போறான்" என்கிறான். அவன் சொல்வது சரிதான். ஆனால் அவனுக்குச் சமூக மன்றத்தில் சொல்லிக்கொடுப்பவர் இன்னும் கூடைக்குக் கீழே கையைத் தூக்கி நிற்க வைத்தே பயிற்சி கொடுக்கிறார், வெளியே ஓடி வந்து தடுக்க ஒரு நாளும் பழக்கவில்லை. அதனால் இப்போதைக்கு அவனைக் கோட்டருகே நிறுத்தி ஸ்க்ரீன் வைக்கச் சொல்லி (நம் ஆளைக் காப்பவனின் வழியை உடம்பால் மறிப்பது), வைத்த கையோடு வெளியே விலகி எறியவும் விடுகிறோம். பாதிக்கு மேல் தவறுகிறது, ஆனாலும் அவனைக் காக்கிறவன் இப்போது வெளியே வர ஆரம்பித்துவிட்டான்.