கடக ராசிக்கு வீண் செலவு

திங்கக்கிழமை அம்மாவின்ர போனுக்கு 500 ரூபா ரீலோட் போட்டன். வியாழக்கிழமை காலமை அந்தப் போனைக் கொண்டுவந்து என்ர தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில வைச்சுப்போட்டு, "மோனை, இதுக்குள்ள கள்ளன் பூந்திட்டான், போட்ட காசைக் காணேல்லை" எண்டா.

கொக்குவிலில எங்கட வளவுக்குள்ள கள்ளன் பூந்தது ஒரேயொரு தரம். தேங்காய் பிடுங்க வந்தவன். அண்டைக்கும் அம்மா இதே குரலிலதான் சொன்னவ. அதால நானும் ஒருக்காத் திடுக்கிட்டுத்தான் போனன்.

"ஆருக்கும் கோல் எடுத்தனீங்களோ?"

"நான் ஏன் எடுக்கிறன்? சித்திக்கு மிஸ் கோல்தான் குடுத்தனான். அவள் திருப்பி எடுத்தவள். முக்கால் மணித்தியாலம் கதைச்சனாங்கள். அவளின்ர காசு."

சித்தி சாவகச்சேரியில இருக்கிறா. அவவும் இதே கொள்கைக்காரி. சில நாளில ரண்டு பேரும் ஆளுக்காள் பத்து மிஸ் கோல் குடுத்து, கடைசியில ஆரும் கதைக்காமலே படுத்திடுவினம்.

போனைத் திறந்து மெசேஜ் பெட்டியைப் பாத்தன். வாசிக்காதது ஆயிரத்துக்கு மேல கிடக்கு. ஒவ்வொண்டாத் தட்டிக்கொண்டு போகேக்கதான் முதல் கள்ளன் பிடிபட்டான். 'நீங்கள் பெற்ற கடன் அறவிடப்பட்டது.'

"எணை அம்மா, நீங்கள் கடன் எடுத்திருக்கிறியள்."

அம்மா கதிரையில இருந்திட்டா. "ஆர்? நானோ? 95 இல இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால நடந்து போகேக்கையே ஒருத்தரிட்டையும் கை நீட்டாத ஆள் நான். சங்கக்கடையில கூடக் கொப்பி வைக்கேல்லை. ஆரடா சொன்னவன்?"

நடந்தது இதுதான். பலன்ஸ் குறையேக்க திரையில ஒரு அறிவித்தல் வந்து நிக்கும், கடன் வேணுமோ எண்டு. அம்மாவுக்குத் திரையில எது வந்து நிண்டாலும் அது அங்கால போகோணும். வீட்டு வாசல்ல ஆடு நிண்டால் எப்பிடியோ அப்பிடி. அதால 'ஓம்' எண்ட பக்கத்தை அமத்தி அனுப்பியிருக்கிறா. 50 ரூபா கடன், மேல 6 ரூபா கட்டணம். மூண்டு நாளில அடுத்த ரீலோட் விழுந்தோடன முதல் வேலையா அதை வெட்டிப்போட்டாங்கள். பழக்கதோசத்தில வட்டியைக் கணக்குப் பாத்தன். மூண்டு நாளுக்கு 12 வீதம், வருசத்துக்கு 1,460 வீதம். எங்கட ஊர் அடைவுகடைக்காரர் கேட்டால் வெக்கப்பட்டுக் கடையைப் பூட்டுவினம். அதிலயும் ஒருக்கா இல்லை, ஒரு மாசத்தில அஞ்சு தரம் எடுத்திருக்கிறா.

ரண்டாவது கள்ளன் இன்னும் நல்லவன். ஒவ்வொரு நாளும் காலமை ஆறு மணிக்கு ராசிபலன் அனுப்புறவன். 'கடகம்: இன்று வீண் செலவுகள் ஏற்படலாம்.' அந்த மெசேஜுக்குத்தான் நாளாந்தம் காசு வெட்டுப்படுகுது. நாப்பது வருசம் சாத்திரம் கேட்ட அம்மாவுக்கு இவ்வளவு துல்லியமா ஒருத்தரும் பலன் சொன்னதில்லை.

"அவன் சும்மா அனுப்புறான் எண்டெல்லோ நினைச்சனான். நல்ல பெடியன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சன்."

ராசிபலனை நிப்பாட்டுறதுக்கு வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து, தமிழுக்கு ஒரு இலக்கம் அமத்தி, பேந்து ஏதோ ஒரு இலக்கம் அமத்தி, நாதஸ்வரம் மாதிரி ஒரு சத்தத்தைப் பத்து நிமிசம் கேட்டன். அது எந்தக் கொம்பனி எண்டு நான் சொல்லமாட்டன். நாளைக்கும் அவங்கட கோபுரத்துக்குக் கீழதான் நான் சீவிக்கோணும்.

உந்த ரண்டு ஓட்டையையும் அடைச்சாப் பிறகுதான், 'சரி, இவவுக்கு மலிவான ஒரு பக்கேஜ் பாத்துப் போட்டுவிடுவம்' எண்ட யோசனை வந்தது. வீட்டு நிலவரம் என்னெண்டால், அக்கா ரொறன்ரோவில, தம்பி லண்டனில. அம்மாவுக்கு வேண்டியது அவையின்ர முகம். மற்றப்படி சித்தி, சந்தை, கோயில் குருக்கள், கிளினிக். வைஃபை எடுப்பம் எண்டால், "நான் ஒரு ஆள் கதைக்க வயர் இழுக்கிறதோ" எண்டுவா.

நான் ஒரு சதுரக் கொப்பி எடுத்தன். அதுதான் நான் விட்ட முதல் பிழை. கொப்பி எடுத்த செய்தி எப்பிடியோ ஒழுங்கை முழுக்கப் போட்டுது. முன்வீட்டு அன்ரி வந்து, தான் கிழமைக்குக் கிழமை போடுறதுதான் லாபமெண்டா. அவவின்ர 7 நாள் பக்கேஜை நாலால பெருக்கினால் உண்மையிலயே மாதப் பக்கேஜிலும் பாக்க விலை குறைவு. ஆனால் நாலு கிழமை 28 நாள். அன்ரியின்ர வருசத்துக்கு 48 கிழமை, கலண்டரில 52. மிச்ச நாலு கிழமையும் அவ ஆரின்ர கணக்கில கதைக்கிறா எண்டு கேக்க வாய் வந்தது, ஆனால் அவ கொண்டுவந்த பால்ரொட்டி சூடாயிருந்தது.

மச்சான் வந்து, "பேசாமல் போஸ்ட்பெயிட்டுக்கு மாத்து" எண்டான். மாதமுடிவில பில் வருமாம். அம்மாவுக்கு விளங்கப்படுத்தினன். "முதல் கதைச்சுப்போட்டுப் பிறகு காசு குடுக்கிறதோ? அதுவும் கடன்தானே" எண்டா. அந்த வழி அதோட அடைபட்டுது.

சனிக்கிழமை அம்மாவையும் ஏத்திக்கொண்டு ரவுணுக்குப் போனன். கஸ்தூரியார் வீதியில நகைக்கடையளுக்கு நடுவில போன் கடையள். முந்தி கொம்பனியள் கூட. 2018 இல எற்றிசலாற் ஹட்சோட சேர்ந்துது, 2024 இல எயார்டெல் டயலொக்கோட சேர்ந்துது. இப்ப மொபிற்றலோட மூண்டுதான். மூண்டுக்குள்ள ஒண்டைத் தெரியிறது என்ன பெரிய காரியமெண்டு நினைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனால், கடைப் பெடியன் மேசைக் கண்ணாடிக்குக் கீழ வைச்சிருந்த தாளில பக்கேஜ் மட்டும் நாப்பதுக்குக் கிட்ட. சாப்பாட்டுக் கடையில கூட இவ்வளவு கறி இல்லை.

"அம்மா, இது எல்லா நெட்வேர்க்குக்கும் அன்லிமிட்டட் கோல்."

"எனக்கு எல்லாரோடயும் கதைக்க விருப்பமில்லை, தம்பி."

பெடியன் என்னைப் பாத்தான். நான் தாளைப் பாத்தன். விலைக்குப் பக்கத்தில சின்னதா ஒரு நட்சத்திரக்குறி. அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பிடிச்சு, "இது என்ன நட்சத்திரம்?" எண்டா. பெடியன் கீழ வரியைக் காட்டினான். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. வரி வேற எண்டு அதில கிடக்கு. 2024 தை முதலாம் திகதியில இருந்து வற் 18 வீதம், அதோட தொலைத்தொடர்பு வரியும் சேரும். தாளில போட்டிருக்கிற விலை பொம்பிளை பாக்க வரேக்கை காட்டுற படம் மாதிரி. வெட்டுற விலைதான் ஆள். "எனக்கு ஆயிலியம்" எண்டு அம்மா பெடியனுக்குச் சொன்னா. "இந்த நட்சத்திரம் எனக்குப் பொருந்தாது."

அதுக்குப் பிறகு பெரிய எழுத்தில 20 ஜிபி எண்டு ஒண்டு. மனம் கொஞ்சம் இளகிச்சு. விசாரிச்சால், அதில பாதி பகலுக்கு, பாதி இரவுக்கு. இரவு எண்டால் 12 மணியில இருந்து காலமை 7 மணி மட்டும். எட்டரைக்குச் செய்தி, ஒன்பதுக்குப் படுக்கை எண்டு சீவிக்கிற மனிசிக்கு நடுச்சாமத்தில 10 ஜிபி ஏன்? பேய்க்கோ? நான் உடனயே கொப்பியில அதுக்கு மேல குறுக்குக் கோடு கீறினன்.

மிஞ்சினது சமூக வலைத்தளப் பக்கேஜ். வட்ஸ்அப், பேஸ்புக் ரண்டும் மட்டும், 30 நாள், விலையும் கையைக் கடிக்காது. அம்மாவுக்கெண்டே தைச்ச சட்டை மாதிரிக் கிடந்துது. போட்டம். வாற வழியில மலாயன் கபேயில தோசை சாப்பிட்டம். நான் வெண்ட ஆள் மாதிரி ரண்டாவது வடையும் எடுத்தன்.

ரண்டாம் நாள் பலன்ஸ் சைபர்.

"அம்மா, வட்ஸ்அப்பைத் தவிர வேற ஒண்டும் பாக்கக்கூடாதெண்டெல்லே சொன்னனான்?"

"வட்ஸ்அப் மட்டும்தானடா பாத்தனான். செத்தவீடுதான் பாத்தனான்."

இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும். யாழ்ப்பாணத்தில ஒரு வயதுக்கு மேல போனால் வட்ஸ்அப்பில வாறதில அரைவாசி மரண அறிவித்தல். யாழ் புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் பிரான்சை வதிவிடமாகவும் கொண்ட எண்டு தொடங்கும். அதுக்குக் கீழ ஒரு லிங்க். அந்த லிங்க்கைத் தொட்டால் வட்ஸ்அப்பை விட்டு வெளிய போய் வேற பக்கம் திறக்கும். வெளிய போனதெல்லாம் பக்கேஜில சேராது, மெயின் பலன்ஸில இருந்து வெட்டும். அம்மா லிங்க்கைத் தொட்டதோட நிக்கிற ஆளில்லை. படம் பாப்பா, மருமக்கள், சகலன், சம்பந்தி எண்டு பேர் வரிசை பாப்பா, கிரியை நேரலை இருந்தால் அதையும் வாய்க்கரிசி மட்டும் இருந்து பாப்பா. அந்தக் கிழமை பாரிசில ஒண்டு, ஸ்காபரோவில ஒண்டு. ரண்டு பேரும் தெரியாத ஆக்கள்தான். "தெரியாட்டில் என்ன, சுன்னாகத்து ஆக்கள்" எண்டா.

ஆகக் கொப்பியில திருப்பியும் முதல் பக்கம். இந்த முறை கொம்பனியையே மாத்துவமோ எண்டு யோசிச்சன். புது சிம் வாங்கிப் பாத்துக் காசு கரைக்காமல், ஆக்களின்ர போனை இரவல் வாங்கினன். என்ர ஒரு கொம்பனி, மனிசியின்ர இன்னொண்டு, அம்மாவின்ர மூண்டாவது. மூண்டையும் கையில பிடிச்சுக்கொண்டு வளவு முழுக்க நடந்தன். எங்கட வீடு தாத்தா கட்டின பழைய வீடு, சுண்ணாம்புக்கல்லுச் சுவர், ஒரு முழத்துக்குக் கிட்டத் தடிப்பு. வெயில் உள்ளுக்கு வராது, சிக்னலும் வராது. சாமியறையில மூண்டும் செத்துப்போச்சு. கிணத்தடியில என்ர மட்டும் ஓடுது. மாட்டுக்கொட்டிலில மனிசியின்ர நாலு கோடு காட்டுது, ஆனால் அங்க இருந்து அக்காவோட கதைச்சால் மாடு பதில் சொல்லும். அம்மா இருக்கிற திண்ணையிலயும் குசினியிலயும் முழுசா எடுத்தது அம்மாவின்ர பழைய சிம்தான்.

வேலிக்கு மேலால முன்வீட்டு அன்ரி எட்டிப் பாத்து, "தம்பி, ஏதும் புதையலோ?" எண்டா.

நம்பரை மாத்த அம்மாவுக்கும் விருப்பமில்லை. அந்த நம்பர் கிளினிக் கொப்பியில கிடக்கு, வங்கியில கிடக்கு, ஒன்பது நாட்டில சொந்தக்காரரிட்டக் கிடக்கு. அதால கொம்பனி அதே. பக்கேஜ் என்ன எண்டு தெரியாமல் மூண்டு நாள் சும்மா விட்டன்.

நாலாம் நாள் விடியக்காலமை ஒரு சத்தம். நான் உண்மையாவே கள்ளனெண்டு நினைச்சு உலக்கையோட வெளிய வந்தன். திண்ணையில அம்மா. போனில அக்காவின்ர முகம், பின்னால அவவின்ர குசினி. அம்மா கத்துறா. போனில்லாமலே கனடாவுக்குக் கேக்கிற கத்து. கொமினிக்கேசன் கடையில மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து நிமிசத்துக்குக் காசு கட்டிக் கதைச்ச காலத்துப் பழக்கம், கெதியாயும் கதைப்பா, உரத்தும் கதைப்பா. நேரம் நாலு மணி.

"இந்த நேரத்தில என்னெணை?"

"அவள் வேலையால வந்து சமைக்கிற நேரம் இதுதானே. நான் எண்டைக்கும் நாலுக்கு எழும்பித் தேத்தண்ணி வைச்சுக்கொண்டு கதைக்கிறனான். உனக்கு ஏழு மணிக்குத்தானே விடியுது, எப்பிடித் தெரியும்?"

உலக்கையைச் சுவரில சாத்திப்போட்டு விரலை மடக்கினன். கோடையில ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. இஞ்ச காலமை நாலு எண்டால் அங்க முதல் நாள் பின்னேரம் ஆறரை. நவம்பரில அவை மணிக்கூட்டைத் திருப்பினால் பத்தரை மணித்தியாலம், அப்ப அஞ்சரை. ஏழு மணி மட்டும் அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் மூண்டு மணித்தியாலம். எங்கட வீட்டுக் கணக்கில முகம் பாத்துக் கதைச்சால் மணித்தியாலத்துக்கு 300 எம்பிக்குக் கிட்ட. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணித்தியாலமெண்டால் மாதத்துக்கு நாலரை ஜிபி. நான் பேய்க்கெண்டு குறுக்குக் கோடு கீறின அந்த 10 ஜிபிக்குள்ள அக்கா முழுசா அடங்கிட்டா. செத்தவீட்டையும் விடியப்புறத்துக்குத் தள்ளச் சொன்னன். "செத்தவை அவசரப்படமாட்டினம்" எண்டு அம்மாவும் ஒத்துக்கொண்டா. லண்டன் தம்பிக்கும் சித்திக்கும் பகல் பங்கு.

அண்டைக்கே கஸ்தூரியார் வீதிக்குப் போய் அதையே போட்டன். கடைப் பெடியன், "அண்ணை, இதைத்தானே முதல் நாள் நான் காட்டினனான்" எண்டான். அவனோட நான் கதைக்கேல்லை.

இப்ப ஒரு மாதமாகுது. அம்மாவின்ர 20 ஜிபியில இன்னும் ஆறு மிச்சம். ராசிபலன் இல்லை, கடன் இல்லை. போன ஞாயிறு பின்னேரம் பிள்ளையளுக்கு ஒரு வினாத்தாள் அனுப்பவேண்டியிருந்துது, பாதி ஏறுறத்துக்குள்ள என்ர டேட்டா முடிஞ்சுது. திண்ணைக்குப் போய், "அம்மா, உங்கட போனில ஹொட்ஸ்பொட்டை ஒருக்காப் போட்டுவிடுங்கோ" எண்டன்.

அம்மா கண்ணாடியைக் கழட்டி என்னைப் பாத்தா.

"கடனோ?"

"அஞ்சு நிமிசம்தான் அம்மா."

"தரலாம்" எண்டுபோட்டுப் போனை எடுத்தா. "50 எம்பி தந்தால் 56 ஆத் திருப்பித் தரோணும், சொல்லிப்போட்டன்."