சங்கடப்படலையும் ஒரு புரோசசரும்

ஒரேயொரு படம் ரெண்டராகி முடிய, அதாவது கணினி அதைக் கணித்து வரைந்து முடிக்க, 16 நிமிடம் 5 விநாடி. படத்தில் இருப்பது ஒரு சங்கடப்படலை (கூரை போட்ட வாசற்படலை), இரு பக்கமும் பின்னிய தென்னோலைக் கிடுகு வேலி, பின்னால் ஓட்டுக் கூரையின் ஒரு துண்டு. வேறொன்றும் இல்லை.

அம்மம்மாவின் வீட்டைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கட்டிக்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருந்த, நடுவில் முற்றம் கொண்ட நாற்சார் வீடு, 1990இல் போரில் விட்டு வெளியேறியது. காணி திரும்பக் கிடைத்தபோது கிணறும் அத்திவாரமும்தான் மிச்சம். என் கையில் இருப்பவை இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களும் அம்மாவின் ஞாபகமும் அம்மம்மாவின் அதிகாரமும். முற்றம், தூண், திண்ணை எல்லாம் எளிதாக எழுந்துவிட்டன. வேலிதான் கணினியைக் கொன்றது. கிடுகை ஒரு தட்டைப் பலகையாக வரைந்து மேலே ஓலைப் படத்தை ஒட்டிவிடலாம். தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் மாலை வெயில் வேலிக்குள்ளால் ஒழுகி முற்றத்தில் விழ வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்கு ஒவ்வொரு ஓலையையும் தனித்தனியாகப் பின்ன வேண்டியிருந்தது.

கிராபிக்ஸ் கார்டில் ஓட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: என்னிடம் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கார்டு. வேலி அதற்குள் அடங்கவில்லை. உருப்படியான புதிய கார்டு வாங்கினால் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும். ஆகவே பாரம் முழுவதும் புரோசசரின் தலையில்.

அந்தப் புரோசசர் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 1600. 2017இல் வெளிவந்தது, ஆறு கோர், பன்னிரண்டு திரெட், அதாவது ஆறு மூளை, ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலை. 2018இல் கொழும்புக்குப் போன நேரம் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்றில் இருந்து “மாற்ற வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

என் காத்திருப்புகளின் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். 2022 ஏப்ரலில் ரைசன் 5 5600உம் 5700எக்ஸும் வெளிவந்தன. என் பழைய ஏஎம்4 மதர்போட்டிலேயே பொருந்தக்கூடியவை. ஆனால் அந்த ஆண்டு ஏஎம்5 என்ற புதிய சொக்கற் (மதர்போட்டில் புரோசசர் பொருந்தும் இடம்) வரப்போகிறது என்றார்கள்; பொறுத்து அதையே வாங்கலாம் என்று நினைத்தேன். இங்கே இலங்கையில் அப்போது நடந்துகொண்டிருந்தது வேறு. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவன் புரோசசரைப் பற்றி யோசித்ததே பெரிய காரியம். செப்டெம்பரில் ஏஎம்5 வந்தது, டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் மட்டுமே ஏற்கும் என்ற நிபந்தனையோடு. விலை கேட்கவும் நான் போகவில்லை.

பிறகு ரூபா மெல்ல எழும்பியது. 2024 முடிவில் டொலர் 300க்குக் கீழே வந்திருந்தது. அந்தக் காத்திருப்பு எனக்கு லாபம்தான், மறைக்க மாட்டேன். அதே ஆண்டின் தொடக்கத்தில் வற் வரி 15இல் இருந்து 18 சதவீதமானது, லாபத்தில் ஒரு கடி. ஓகஸ்ட்டில் ரைசன் 9000 வரிசை வந்ததும், இனிப் பழையவற்றின் விலை விழும் என்று மறுபடி காத்திருந்தேன்.

விழவில்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். புதியது வந்தால் பழையது மலியும் என்று வெளிநாட்டு விமர்சகர்கள் சொல்வது அவர்களுடைய கடைகளுக்குப் பொருந்தும். அங்கே பெரிய கடை ஒன்று நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும், இடம் காலியாக வேண்டும், தள்ளுபடி போடும். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் நான் போகும் கடையில் அந்த மொடல் இரண்டு பெட்டி இருக்கும். அவர் அதைக் கொழும்பு மொத்த வியாபாரியிடம் என்ன டொலர் விலையில் எடுத்தாரோ அந்தக் கணக்கில்தான் விற்பார். அமெரிக்காவில் விலை குறைந்த செய்தியைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆறுதலாக வாசித்தார். “நல்ல விலை தம்பி. அங்கேயே வாங்கும்” என்றார்.

2025 ஆவணியில் அரை மனதாக ஏஎம்5க்கு விலை எடுத்தேன். 32 ஜிபி டிடிஆர்5 ரேம் 36,000 ரூபா. கார்த்திகையில் கேட்கலாம் என்று விட்டேன். அதற்குள் உலகத்து ரேம் எல்லாம் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குப் போகத் தொடங்கிவிட்டது. டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் குருசியல் என்ற தன் நுகர்வோர் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. தைப்பொங்கல் முடிந்து அதே கடைக்குப் போனபோது அதே ரேம் 118,000. என் காதில்தான் பிழை என்று நினைத்து இரண்டாம் தரமும் கேட்டேன்.

சரி, இனி செய்த வேலைக்கு வருகிறேன்.

வாங்குவதா பொறுப்பதா என்று முடிவெடுக்கும் முன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இதை 2019இலேயே செய்திருக்க வேண்டும். எங்கள் செம்மண் புழுதி கூலரின் தகடுகளுக்கு இடையில் கம்பளி போலப் படிந்திருந்தது. ரெண்டர் ஓடும்போது வெப்பநிலை 93 பாகை. இந்தச் சிப்புக்கு எல்லை 95. அதாவது புரோசசர் மூச்சுத் திணறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது.

கூலரின் நான்கு திருகாணிகளையும் கழற்றி இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். “டக்” என்று வந்தது, அடியில் புரோசசரும் ஒட்டிக்கொண்டு. சூட்டைக் கூலருக்குக் கடத்தப் பூசும் தேர்மல் பேஸ்ட், எட்டு வருடத்தில் சீமெந்தாக மாறியிருந்தது. ஏஎம்4 சிப்புகளில் 1331 ஊசிகளும் சிப்பின் அடியிலேயே இருப்பதால் சொக்கற் பூட்டியிருந்தாலும் இப்படிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். செய்ய வேண்டிய முறை வேறு: கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கணினியை வேலை வாங்கிச் சூடாக்கி, பிறகு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். எனக்கு அது பிடுங்கிய பிறகு ஞாபகம் வந்தது.

ஓரத்து வரிசையில் ஐந்து ஊசிகள் சரிந்திருந்தன. யன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு, லெட் பென்சிலில் லெட்டைத் தள்ளி எடுத்துவிட்டு, அந்த வெற்று முனையை ஒவ்வோர் ஊசியிலும் தொப்பி போல மாட்டி நிமிர்த்தினேன். நான்கு நிமிர்ந்தன. ஐந்தாவது நிமிர்ந்தது போல நடித்தது. சிப்பைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வரிசையோடு வரிசையாகப் பார்த்தால்தான் அதன் கள்ளம் தெரியும். அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஊசியில் நூல் கோக்கிறாயா?” என்று கேட்டுப் போனார். முக்கால் மணி நேரம். உடைந்திருந்தால் வாங்குவதா பொறுப்பதா என்ற கேள்வியே முடிந்திருக்கும். உள்ளுக்குள் அதை ஒரு பகுதி விரும்பியது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உடையவில்லை. புழுதி தட்டி, புதிய பேஸ்ட் பூசி மூட்டினால் 76 பாகை. ரெண்டர் 14 நிமிடம் 20 விநாடி. 900 ரூபாப் பேஸ்ட்டில் கிடைத்த 105 விநாடி இது.

அடுத்து மென்பொருள் பக்கம். சாம்பிள் எண்ணிக்கையை, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியை எத்தனை தரம் கணிப்பது என்பதை, 1024இல் இருந்து 256 ஆக்கி, மிச்சத்தைப் படத்தின் பொரிப்பொரியைத் துடைக்கும் டீநொய்சரிடம் விட்டேன். நேரம் நன்றாகக் குறைந்தது. ஆனால் கிடுகின் நிழல் முற்றத்தில் விழும் இடம் நனைந்த துணி போல மொழுமொழுவென்று ஆகிவிட்டது. சுவருக்கும் தூணுக்கும் பரவாயில்லை, ஓலைக்கு ஆகாது. திரும்ப 1024.

நான் எடுக்க நினைத்திருப்பது 20 விநாடிக் காணொளி: படலையால் நுழைந்து முற்றம் வரை ஒரு நடை. விநாடிக்கு 24 படம், மொத்தம் 480. 14 நிமிடம் 20 விநாடிப்படி பார்த்தால் 115 மணி நேரம், ஐந்து நாளுக்குக் கொஞ்சம் குறைவு. தனித்தனிப் படங்களாகச் சேமித்தால் மின்சாரம் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். ஒரு திருத்தம் என்றால்தான் மீண்டும் ஐந்து நாள். அம்மம்மாவின் திருத்தங்கள் ஒன்றோடு நிற்பவை அல்ல. அவருக்கு 84 வயது. ஒவ்வொரு மாலையும் விளக்கு வைத்துவிட்டு, “வீடு எந்த மட்டில் நிற்கிறது?” என்று கேட்பார், மேசன் வேலை நடப்பது போல.

மூன்று வழிகள் இருந்தன. முழுதாக ஏஎம்5க்கு மாறினால் புரோசசர், போட், ரேம் சேர்த்து 230,000 ரூபாவைத் தாண்டும். அதில் பாதி ரேமுக்கே போகும். 2027க்குப் பிறகும் அந்தச் சொக்கற் ஓடும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, நல்ல விடயம்தான், ஆனால் நான் இரண்டாம் மாடி கட்டப் போவதில்லை. இரண்டாவது, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வரும் மச்சானிடம் சொல்லி 5700எக்ஸைக் கொண்டுவரச் செய்வது. அவன் ஓம் என்றான். கணக்குப் பார்த்தால் ஒன்பதாயிரம் ரூபா மிச்சம். ஆனால் பழுதானால் உத்தரவாதத்துக்கு அவனுடனேயே திருப்பி அனுப்ப வேண்டும், அடுத்த திருவிழா வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது, அதையே இங்கே 54,500க்கு இப்போதே வாங்குவது. எட்டு கோர், பதினாறு திரெட். என் பழையதைப் போலவே 65 வாட் என்பதால் பவர் சப்ளை, யூபிஎஸ், கூலர் எதுவும் மாறாது. என்னிடம் உள்ள 32 ஜிபி டிடிஆர்4 அப்படியே ஓடும். அந்தப் பழைய ரேமின் விலையும் ஏறியிருந்ததால், அலுமாரிக்குள் நகை இருப்பது தெரியாமல் இருந்தவன் போல உணர்ந்தேன்.

கூட வேலை செய்யும் அண்ணர் ஒருவர் 5800எக்ஸ்3டி தேடச் சொன்னார். விளையாட்டுக்கு அது அருமையான சிப். சிப்புக்குள்ளேயே இருக்கும் 96 எம்பி கேஷ் நினைவகம் அங்கேதான் உதவும். ரெண்டருக்கு அந்தக் காசு வீண். அவர் விடவில்லை: “அப்படியென்றால் நீர் எதற்காக இவ்வளவு வருடம் காத்திருந்தீர்?” நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

மாசி முதல் கிழமை சீட்டுக் காசு கையில் வந்தது. வாங்கிவிட்டேன்.

மாட்டும் முன், போட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸின் புதிய பதிப்பை ஏற்ற வேண்டும். என்னுடையது போன்ற பி350 போட்டுகளில் 5000 வரிசை ஓட 2022இல்தான் வழி திறந்தார்கள். என் போட்டுக்கு இரண்டு படி: முதலில் இடைப்பட்ட பதிப்பு, பிறகு கடைசிப் பதிப்பு, இரண்டையும் பழைய புரோசசர் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் போட் செங்கல். யூபிஎஸ்ஸுக்கு வயது மூன்று என்பதால் முதல் நாளே மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தேன். ஏழு நிமிடம் தாங்கியது. வீட்டில் எல்லோருக்கும் அறிவித்துவிட்டு இருந்தேன். இரண்டாம் பதிப்பு 60 சதவீதத்தில் நிற்கும்போது அம்மா கிணற்று மோட்டரைப் போட்டார். மின்குமிழ் மங்கியது, யூபிஎஸ் “டிக்” என்றது, நான் கதிரையில் இருந்து எழும்பி நின்றேன். எழும்பி என்ன செய்ய? திரை அப்படியே இருந்தது. 61. 62. “செடிகள் வாடுகின்றன” என்று கிணற்றடியில் இருந்து குரல் வந்தது.

இம்முறை சூடாக்கித் திருகிக் கழற்றினேன். கூலர் தனியாக வந்தது. புதியதை மாட்டி இயக்கியதும் கறுப்புத் திரையில் ஓர் அறிவிப்பு: புரோசசர் மாறியிருக்கிறது, பாதுகாப்புப் பதிவை அழிக்கவா, ஆம் என்றால் Y, இல்லை என்றால் N. வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டி வைத்திருப்பவர்கள் மீட்புச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே Y-ஐ அழுத்துங்கள். என் வட்டில் பூட்டு இல்லை, அழுத்தினேன்.

அதே படம், அதே 1024 சாம்பிள்: 7 நிமிடம் 35 விநாடி. வெப்பநிலை 72. பழைய புரோசசரில் 2666 வேகத்துக்கு மேல் போக மறுத்த ரேம் இப்போது தன் பெட்டியில் எழுதியுள்ள 3000இல் ஓடுகிறது. 480 படங்களும் 61 மணி நேரத்தில் முடிந்தன. ஞாயிறு மாலை அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, திரையைக் கிட்ட இழுத்து வைத்தேன். படலை திறந்தது, வெயில் ஓலைக்குள்ளால் வந்தது, முற்றம் தெரிந்தது. 20 விநாடி. இன்னொரு தரம் போடச் சொன்னார். மூன்றாம் தரத்தில் விரலை நீட்டினார்.

“வேலியில் பொட்டு எங்கே, தம்பி? பக்கத்து வீட்டு ஆட்கள் எதற்குள்ளால் வருவார்கள்?”

படலைக்கு வலது பக்கம், நான்காவது கதியாலுக்கும் ஐந்தாவதற்கும் நடுவே, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓலைகளை எடுத்துவிட்டேன். இப்போது 7 நிமிடம் 31 விநாடி.