பாலையூற்று லூர்து அன்னையிடம் இரத்தப்பழியோடு போகிறவர்களுக்கு

திருகோணமலை நகரை ஒட்டிய பாலையூற்றில் லூர்து அன்னையின் திருத்தலம் இருக்கிறது. பெப்ரவரித் திருவிழாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சுகம் கேட்டு வருவார்கள், பிள்ளைவரம் கேட்டு வருவார்கள். பிரான்சின் லூர்தில் காட்சி கொடுத்த அன்னை மரியா கேட்டதோ தவம். 1858 பெப்ரவரி 24 அன்று அந்த ஒரு சொல்லைத்தான் மூன்று முறை சொன்னார். பாவிகளுக்காக மண்ணை முத்தமிடும்படி காட்சி கண்ட சிறுமி பெர்னதெத்திடம் கேட்டுக்கொண்டார். முப்பது ஆண்டுப் போரைக் கடந்து வந்த எங்கள் மாவட்டத்தில் அன்னையின் குகை வடிவான இந்தக் கெபிக்கு முன்னால் முழந்தாளிட வேண்டியவர்கள் நோயாளிகள் மட்டுமல்லர். கொலைப்பழியைச் சுமப்பவர்களும், கொலையுண்டவர்களின் வீட்டாரும் வரவேண்டிய இடம் இது.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு இரண்டு பகுதிகளை வாசியுங்கள். ஒன்று தொடக்கநூல் 4ஆம் அதிகாரம். அண்ணன் காயீன் கொன்ற ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கதறுகிறது என்கிறார் ஆண்டவர். அந்த மண் இனிக் காயீனுக்குப் பலன் தராது, அவன் நாடோடியாய் அலைவான். ஆனால் காயீனை எவரும் கொன்றுவிடாதபடி அவன்மேல் அடையாளம் இட்டவரும் அவரேதான். கொலைகாரனின் உயிரும் கடவுளுடையது. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ், மரண தண்டனையை ஏற்க முடியாது என்று திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியதை இதோடு சேர்த்து வாசிக்கலாம்.

மற்றது சாமுவேல் இரண்டாம் நூல், 11ஆம் 12ஆம் அதிகாரங்கள். உரியாவின் மனைவி மேல் ஆசைப்பட்ட தாவீது அரசன் உரியாவைத் தன் கையால் தொடவேயில்லை. அவனைப் போர்முனையில் தனியே விட்டு விலகுங்கள் என்று ஒரு கடிதம் எழுதினான். அதை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்பினான். தன் சாவைத் தானே சுமந்துகொண்டு போனான் அந்த மனிதன். வெட்டியது அம்மோனியரின் வாள், ஆனால் ஆண்டவர் பழியைத் தாவீதின் மேல்தான் போட்டார். ஏவியவர், காட்டிக் கொடுத்தவர், காவல் நின்றவர், தெரிந்தே வாகனம் ஓட்டிக் கொடுத்தவர் எல்லோரும் "கொலை செய்யாதே" என்ற ஐந்தாம் கட்டளையின் முன் நிற்கிறார்கள்.

தாவீது அறிக்கையிட்டதும் "ஆண்டவர் உன் பாவத்தை நீக்கிவிட்டார்" என்றார் இறைவாக்கினர் நாத்தான். அதற்கு முன் சொன்ன, உன் குடும்பத்தை விட்டு வாள் விலகாது என்ற வார்த்தையை மட்டும் அவர் திரும்பப் பெறவில்லை. மன்னிப்புக் கிடைத்ததும் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது, குற்றத்தையும் நித்திய தண்டனையையும் அகற்றும். பாவத்தால் விளைந்த கேடு அப்படியே கிடக்கும்; அதை இயன்றவரை சரிசெய்வது மனந்திரும்பியவரின் கடமை.

இந்தப் பாரத்தோடு போகிறவர் திருவிழா நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நீண்ட வரிசையில், பின்னால் நிற்பவரின் அவசரத்தில், இப்படிப்பட்ட பாவத்தைச் சொல்லி முடிக்க வராது. சாதாரண வாரநாளில் சுவாமியிடம் (குருவிடம்) தனியாக நேரம் கேளுங்கள். சாவான பாவத்தை, அதாவது கொலை போன்ற கனமான பாவத்தை, அதன் வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும். "பெரிய பாவம் செய்துவிட்டேன் சுவாமி" என்று நிறுத்திக்கொண்டால் போதாது. வெட்கத்தாலோ பயத்தாலோ தெரிந்தே மறைத்தால் அந்த அறிக்கையே செல்லாது, அதற்கு மேல் புதிய பாவமும் சேரும். பயப்படுவதற்குக் காரணமும் இல்லை: பாவசங்கீர்த்தன இரகசியத்தைச் சுவாமி பொலிசுக்கும் சொல்ல முடியாது, நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது, ஆயரிடமும் சொல்ல முடியாது. செய்த பாவத்துக்காக வருந்தும் மனத்தாபம் மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். அதில்லாமல் சொல்லப்படும் பாவமன்னிப்பு ஆசீர் பலிக்காது. அறிக்கை செய்யும்வரை நற்கருணை வாங்கக் கூடாது.

வேண்டுமென்றே செய்யாத சாவுக்குக் கொலைப்பழி இல்லை. ஆனால் குடித்துவிட்டுக் கண்டி வீதியில் ஓட்டி ஒருவரை மோதியவர் அந்த வாக்கியத்துக்குள் ஒளிய முடியாது. தகுந்த காரணமின்றி பிறர் உயிரை ஆபத்தில் தள்ளுவதும் கனமான குற்றம் என்கிறது மறைக்கல்வி. சில விளைவுகள் திருச்சபைச் சட்டத்திலேயே நிற்கின்றன: வேண்டுமென்று கொலை செய்தவர், மன்னிப்புப் பெற்றிருந்தாலும், விசேட விலக்கு இல்லாமல் குருத்துவம் பெற முடியாது, ஒருவரை மணப்பதற்காகத் தன் துணையையோ அவருடைய துணையையோ கொன்றவருக்கு அந்தத் திருமணம் செல்லாது.

சிலுவைப்பாதையின் 14 நிலைகளில் முதலாவதில் நேரமெடுத்து நில்லுங்கள். கையைக் கழுவிய பிலாத்து அங்கேதான் நிற்கிறான். வெயில் ஏறுமுன் தொடங்குவது நல்லது. கையில் தண்ணீர் இருக்கட்டும். கெபியின் முன் 51ஆம் திருப்பாடலைச் சொல்லுங்கள். "இரத்தப்பழியினின்று என்னை விடுவித்தருளும்" என்ற வரியை விழுங்காமல், நிறுத்திச் சொல்லுங்கள்.

பலியானவர்களின் வீட்டாருக்கு வேறு பாரம். 2006 ஜனவரி 2ஆம் திகதி இதே நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தத் தாய் தகப்பன்மாரிடம் போய், மன்னித்துவிடுங்கள், வழக்கை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எந்தக் கிறிஸ்தவனுக்கும் உரிமையில்லை. காயத்தை உணராமல் இருப்பதோ மறப்பதோ நம் கையில் இல்லை என்று மறைக்கல்வியே ஒப்புக்கொள்கிறது. மன்னிப்பது பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிடுவது; நீதி கேட்பதை அது தடுக்காது. வெறுப்பு வேரோடினால் அதுவும் கொலைதான் என்கிறார் யோவான், தம் முதல் திருமுகத்தில். அந்த வேரைப் பிடுங்குவது ஒரே நாளில் ஆகாது. அதற்கும் இந்தக் கெபி இருக்கிறது.

இறந்தவருக்காகக் கிரகோரியன் பூசை ஒப்புக்கொடுப்பதானால், ஒரே ஆன்மாவுக்காக 30 நாள் தொடர்ந்து நடக்க வேண்டும். எத்தனை பூசை, யாருக்காக என்று சுவாமியிடம் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். கொன்றவரே அந்தப் பூசையைக் கேட்கலாம். ஆனால் அது கொல்லப்பட்டவரின் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதற்கு ஈடாகாது. அவர்களின் படிப்புக்கோ பிழைப்புக்கோ எப்படி உதவலாம், எப்படிச் செய்தால் அவர்கள் மேலும் காயப்படமாட்டார்கள் என்று பாவசங்கீர்த்தனம் கேட்கும் சுவாமியிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.